புள்ளி இல்லாத படங்கள்

ஜம்புநாதன் டீ குடிப்பதைப் பார்த்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. மேலே படர்ந்த ஆடையை நடுவிரலால் தூக்குவார், தூக்கி மேஜை விளிம்பில் தேய்ப்பார். அந்த மேஜையில் வைத்துத்தான் நாங்கள் லென்ஸ் துடைக்கிறோம். விளிம்பு முழுக்கப் பழுப்பு நிறத்தில் பொருக்குக் கட்டியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதைச் சுரண்டிப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். கருமம், எவ்வளவுதான் சுரண்டுவது.

இந்த மனுஷன்தான் வாடிக்கையாளர் வந்ததும் முதல் வேலையாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "நாங்க தொடவே மாட்டோம் சார். தொடாமலே அளந்துடுவோம்" என்பார். சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரிப்பார். ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்பு.

ஆனால் அவர் சொல்வது உண்மைதான். எங்கள் தொழிலே அதுதான். ஒரு இரும்புத் தகடோ, கொதிகலன் மூடியோ வந்தால் அதன்மேல் வெள்ளை பெயின்ட் அடிப்போம். காய்ந்ததும் கறுப்புப் புள்ளிகளைத் தெளிப்போம். பார்க்கக் காடை முட்டை ஓடு மாதிரி இருக்கும். பிறகு தகட்டை இயந்திரத்தில் பூட்டி இழுப்போம். இரண்டு கேமராக்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டே இருக்கும். தகடு நீள நீளப் புள்ளிகள் நகரும். எந்தப் புள்ளி எங்கே போனது என்று சாஃப்ட்வேர் படத்துக்குப் படம் தேடிப் பிடித்து, தகடு எந்த இடத்தில் எவ்வளவு இழுபட்டது என்று நிறம் நிறமாகக் காட்டும். சிவப்பாக வந்தால் அந்த இடம் திணறுகிறது என்று அர்த்தம். இழுப்பதற்கு முன்னால் எடுக்கிற முதல் படத்துக்கு நாங்கள் வைத்த பெயர் சைபர் படம். அதிலிருந்துதான் மற்றதெல்லாம் கணக்கு.

ஜீடிமெட்லாவில் மருந்து கம்பெனிகளுக்கு நடுவில் எங்கள் கட்டடம். ஜன்னலைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம், மூடினால் பெயின்ட் நாற்றம். என் வீட்டுக்காரர் மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடத்தில் ஏசியில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் கோடு எழுதுகிறார். எங்கள் அபார்ட்மென்டில் எல்லாரும் அந்த ரகம்தான். ஆன்சைட், அப்ரைசல் என்று அவர்கள் பேசும்போது, "நான் பெயின்ட் அடிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் முகம் போகிற போக்கை வேடிக்கை பார்ப்பேன். என் பெயர் பத்மப்ரியா. ஊர் கோவில்பட்டி. கோபம் எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

ஜம்புநாதன் பெரிய அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்துவிட்டு வந்தவர். எங்களுக்கு டெக்னிகல் தலைமை. மனுஷனுக்கு வேலை தெரியும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அடுத்தவர் போட்ட செட்டிங்கை அவரால் அப்படியே விட முடியாது. நான் ஒன்று வைத்தால் வந்து ஒன்றைக் குறைப்பார். நானே குறைத்து வைத்திருந்தால் கூட்டுவார். முடிவு மாறாது என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் கை அரிக்கும்.

அந்த வருஷம், அது இரண்டாயிரத்துப் பதினொன்று, தனி மாநிலம் கேட்டு ஊரில் வாரத்துக்கு ஒரு பந்த். இரும்பு வேலை வரத்துக் குறைந்துபோனது. அப்போதுதான் பக்கத்துத் தெரு மருந்து கம்பெனியிலிருந்து ஒரு வேலை வந்தது. பிரசவமான பெண்களுக்கு வயிற்றில் வரி வரியாக விழுமே, அதைப் போக்குகிற களிம்பு ஒன்று செய்திருந்தார்கள். களிம்பு தடவிய தோல் நன்றாக இழுபடுகிறதா என்று அளந்து சொல்ல வேண்டும். இரும்புக்குச் செய்வதைத் தோலுக்குச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அழகுசாதனத்தில் போடுகிற வெள்ளையும் கறுப்பும் வாங்கிக்கொண்டால் போதும்.

"நம்ம பானுவையே முதல்ல வெச்சுப் பார்க்கலாமே" என்றார் ஜம்புநாதன்.

பானு எங்கள் ஆபீசில் முன்மேஜைக்காரி. போனும் கணக்கும் அவள் பொறுப்பு. மௌலா அலியில் வீடு. தாத்தா காலத்திலேயே காட்பாடிப் பக்கமிருந்து ரயில்வே வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். அவள் தமிழில் பாதி இந்த ஊர் உருது. அவளுடைய பெண்ணோ நாம் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்லும். இரண்டு பிள்ளை பெற்றவள், வாய் ஓயாமல் பேசுவாள், என்னை அக்கா என்பாள்.

"ஹவ் அக்கா, ஆமா, எனக்குத்தான் ரெண்டு டெலிவரி வரி இருக்கே. சும்மாதானே கிடக்கு, ஆராய்ச்சிக்காவது ஆகட்டும்" என்று ஒப்புக்கொண்டாள்.

நான் நிபந்தனை போட்டேன். அறைக்குள் ஆம்பிளைகள் யாரும் வரக் கூடாது. புள்ளி தெளிப்பது நான். படத்தில் வயிறு மட்டும்தான் விழ வேண்டும். ஜம்புநாதன் வெளியே கம்ப்யூட்டரில் உட்காரலாம், நான் "ஸ்டார்ட்" என்று குரல் கொடுத்த பிறகுதான் படம் எடுக்கத் தொடங்கலாம். எல்லாவற்றுக்கும் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினார்.

அன்றைக்கு பானுவை அறையில் விட்டு, நாற்காலியில் கிடந்த ஆஸ்பத்திரி கவுனைக் காட்டி, "புடவையையும் ஜாக்கெட்டையும் மாத்திட்டு இதைப் போட்டுக்கோ, நான் கலரைக் கலக்கிட்டு வந்துடறேன்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கவுனோடு, கேமராவுக்காகத் தரையில் போட்டிருந்த கோட்டில் நின்றாள். வயிற்றில் வெள்ளை அடித்து, புள்ளி தெளித்தேன். கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள்.

"கைக்கு அக்கா, எதுக்கு இத்தனை பொட்டு? என் பொண்ணுக்கு யார் கண்ணும் படக் கூடாதுன்னு கன்னத்துல ஒரே ஒரு திருஷ்டிப் பொட்டு வைப்பேன், அதுவே போதும்."

"இது கண்ணு படறதுக்குன்னே வைக்கிற பொட்டுடி. ஆடாம நில்லு" என்றேன். நான் குரல் கொடுத்தேன், கேமரா ஓடியது, அவள் மூச்சை இழுத்து வயிற்றை உப்பி இறக்கினாள், வேலை முடிந்தது. பானு வெந்நீரில் துடைத்துக்கொண்டு, பழையபடி முன்மேஜையில் உட்கார்ந்து போன் எடுத்தாள்.

கணக்குப் போட நான் உட்கார்ந்தது அடுத்த வாரம். முதலில் சைபர் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெளித்த வயிறு அசையாமல் நிற்கிற படம்தான் முதலாவதாக இருக்க வேண்டும். இல்லை. அதற்கு முன்னாலேயே தனியாக ஒரு ஃபோல்டர் இருந்தது. அதன் முதல் படத்தில் கவுன் கிடந்த நாற்காலியும், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போகிற என் முதுகும் இருந்தன. அடுத்ததில் பானு. அதற்கடுத்ததில் பானு புடவைத் தலைப்பை எடுக்கிறாள். படங்கள் போய்க்கொண்டே இருந்தன. கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் நின்றதால் மங்கல்தான். ஆனால் யாரென்று தெரியாத மங்கல் இல்லை. நடுநடுவே அவள் வாய் அசைகிறது, ஏதோ பாட்டு முணுமுணுத்திருக்கிறாள். அதற்குமேல் நான் சொல்லப் போவதில்லை. பாதியில் நிறுத்தி ஃபோல்டரை மூடினேன்.

நேராக ஜம்புநாதனிடம் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அதுவா? ஆட்டோ ரெக்கார்டும்மா. சைபர் படம் வேணுமில்லையா, கொஞ்சம் முன்னாடியே ஆன் பண்ணி வெச்சேன். நான் அதையெல்லாம் திறந்துகூடப் பார்க்கலை" என்றார். விரல் ஆடையைத் தேடிப் போனது. "நீ ஏன் இப்படிப் பதறுறே? அந்தப் பொண்ணை யாராவது தொட்டாங்களா?"

தூ! காறி அவர் டம்ளரிலேயே துப்பலாம் என்று வந்தது. ஆனால் இது பானுவின் விஷயம், அவளுக்குத் தெரியாமல் நான் ஆடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவளை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டேன். போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளி வாங்க வேண்டும் என்றாள். மார்க்கெட் வாசலில் முட்டைக்கோஸ் இலை மட்கி, காலுக்கடியில் கொழகொழவென்று கிடந்தது. அந்த நாற்றத்தில் வைத்துத்தான் அவளிடம் சொன்னேன். வேறெங்கே வைத்துச் சொன்னாலும் இதே நாற்றம்தான் அடித்திருக்கும்.

பானு கையில் எடுத்திருந்த தக்காளியைக் கூடையிலேயே திரும்ப வைத்தாள்.

"எத்தனை படம் அக்கா?"

"எண்ணலை. போலீசுக்குப் போவோமா? நான் கூட வரேன்."

"நக்கோ அக்கா, வேண்டாம். ஸ்டேஷன்ல குடுத்தா அங்கே எத்தனை பேர் பார்ப்பான்? அப்புறம் கோர்ட்டு, அங்கே எத்தனை பேரு?" மூக்கை உறிஞ்சினாள். "எங்க வீட்டுக்காரர் கிரிக்கும் தெரியக் கூடாது. அவரு நல்லவருதான். அதான் பயம். ஒர்க்‌ஷாப்லேர்ந்து ஸ்பேனரோட நேரா வந்து இவன் மண்டையைப் பிளப்பாரு. ஜெயிலுக்குப் போவாரு. நானும் பிள்ளைங்களும் நடுத்தெருவுல."

"உனக்கு என்னதான் வேணும், சொல்லு."

"படம் போகணும். ஒருத்தர் கண்ணுலயும் படாம போகணும். அவன் ஆபீசை விட்டுப் போகணும். நான் என் சீட்டுல உட்கார்ந்து வேலை பார்க்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். இதில் என்ன அதிகம் கேட்டுவிட்டாள்?

எங்கள் எம்.டி. சாரங்கபாணி. நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவர், அந்தப் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வதே அவருக்குப் பாதி வேலை. நான் போய்ச் சொன்னதும், "அரே, இது என்ன தலைவலி" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். விசாரணை என்றால் கமிட்டியில் ஒரு பெண் இருக்க வேண்டுமாம். "நீதான் லேடீஸாச்சே, நீயே இருந்துடு" என்றார். ஆக, புகார் கொண்டுவந்தவளும் நான், கமிட்டியும் நான். வெளங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எம்.டி. அறையில் கூடினோம். சாரங்கபாணி, நிர்வாகம் பார்க்கிற பக்தவத்சலம், ஜம்புநாதன், பானு, நான். அறையில் புரொஜெக்டர் தயாராக இருந்தது. பக்தவத்சலம் இன்னும் பல்லிடுக்கில் குச்சியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார். குத்தி எடுத்ததைப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் போட்டுக்கொண்டார்.

"பானும்மா, பயப்படாம சொல்லு" என்று ஆரம்பித்தார் சாரங்கபாணி. "ஜம்பு உன்னைத் தொட்டாரா?"

"இல்லை சார்."

"ரூமுக்குள்ள வந்தாரா?"

"இல்லை சார்."

"அப்ப தப்பா ஏதாவது பேசினாரா?"

"இல்லை சார்."

சாரங்கபாணி எங்கள் எல்லாரையும் பார்த்துக் கையை விரித்தார். அந்த முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொடாமல் அளப்பதை விற்றுத்தானே ஐயா நீ கார் வாங்கினாய். தொடாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று இன்றைக்குத்தான் உனக்குத் தோன்றுகிறதா?

"சார், படம் எடுத்திருக்காரு. அவ துணி மாத்தறதை எடுத்திருக்காரு" என்றேன். என் குரல் எனக்கே காதில் அடித்தது.

"கத்தாதே பத்மா" என்றார் ஜம்புநாதன், ரொம்பப் பொறுமையாக. "சார், உங்களுக்கே தெரியும். முதல் படம் இல்லாம கணக்கே இல்லை. அதுக்காக முன்னாடியே ஆன் பண்ணேன். மெஷின் எடுத்துது. நான் திறந்தே பார்க்கலை. வேலை தெரிஞ்ச பொண்ணு, இவளே இப்படிப் பேசினா என்ன சொல்றது?"

சாரங்கபாணி என்னைப் பார்த்தார். "சைபர் படம் வேணும்தானேம்மா?"

"வேணும் சார். புள்ளி தெளிச்ச பிறகு வேணும். புள்ளி இல்லாத படத்தை வெச்சு இந்த சாஃப்ட்வேர் ஒரு மண்ணும் பண்ண முடியாது. அது தேடறதே புள்ளியைத்தான். அவ துணி மாத்தறப்ப நான் கலர் கலக்கிட்டிருந்தேன், அவ உடம்புல ஒரு புள்ளி கிடையாது. அந்தப் படத்தால இந்த வேலைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்புறம் யாருக்குப் பிரயோஜனம்னு அவரைக் கேளுங்க."

அறை கொஞ்சம் அசைந்தது. இது அவர்களுக்குப் புரிகிற பாஷை. சாரங்கபாணியின் நெற்றி சுருங்கியது.

"புள்ளி இருக்கு சார்" என்றார் ஜம்புநாதன் கண்ணைச் சிமிட்டாமல். "கடைசிப் படங்கள்ல இருக்கு. இவ சரியாப் பார்க்கலை."

"அப்ப என்ன பேச்சு" என்று பக்தவத்சலம் குச்சியைக் கீழே போட்டார். "படத்தைப் போடுங்கம்மா. புள்ளி இருக்கா இல்லையான்னு பார்த்தாத்தானே தெரியும்." சொல்லிக்கொண்டே எழுந்து போய் லைட்டை அணைத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். நாற்காலியைத் திரைக்கு முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார். யாரும் சொல்லாமல், கேட்காமல், தானாக. ஆபீசில் ஒரு பைல் எடுத்துத் தரச் சொன்னால் நாலு நாள் ஆக்குகிற மனுஷன்.

சாரங்கபாணியாவது தடுப்பார் என்று பார்த்தேன். "ஒண்ணு ரெண்டு போட்டாப் போதும்" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

சீ. இவர்களா விசாரிக்கிறார்கள்? பானு மேஜைக்கடியில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. ஒருத்தர் கண்ணிலும் படாமல் போகணும் என்று கேட்டவள், தான் பொய் சொல்லவில்லை என்று காட்டுவதற்கே எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்கிறார்கள்.

"லைட்டைப் போடுங்க சார்" என்றேன்.

"ஏம்மா?"

"முதல்ல லைட்டைப் போடுங்க. யாரும் எதையும் பார்க்க வேண்டாம். மனுஷக் கண்ணு எதுக்கு? புள்ளி இருக்கான்னு மெஷினையே கேட்போம்."

லைட் வந்தது. பக்தவத்சலத்தின் முகத்தில் இலையைப் பாதிச் சாப்பாட்டில் எடுத்துவிட்ட ஏமாற்றம். நான் சாஃப்ட்வேரைத் திறந்தேன். படம் தெரிகிற ஜன்னலை மூடினேன், முடிவு மட்டும் வருகிற ஜன்னலை வைத்தேன். முதலில் நான் புள்ளி தெளித்த பிறகு எடுத்த படங்களைக் கொடுத்தேன். வெள்ளைத் திரையில் நீலமும் பச்சையுமாகக் கட்டம் கட்டமாக நிரம்பியது. ஆயிரக்கணக்கான இடங்களை அது கண்டுபிடித்துவிட்டது.

"இது புள்ளி இருக்கற படம். இப்போ அந்தப் படங்கள், முதல்லேர்ந்து கடைசி வரைக்கும்" என்று சொல்லி, ஃபோல்டரைத் திறக்காமல் அப்படியே கொடுத்தேன். மெஷின் ஓடியது. திரை வெள்ளையாகவே இருந்தது. கடைசியில் கீழே ஒரு வரி வந்தது. கண்டுபிடித்த இடங்கள், சைபர்.

வெளியே லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. சாரங்கபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பானுவின் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

ஜம்புநாதன் பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார். "ஏதோ தவறு நடந்துபோச்சு, மன்னிச்சிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாரங்கபாணி அதைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைக் கலைத்திருப்பார், படத்தை அழித்துவிட்டு நாளைக்கும் அவர் அதே மேஜையில் டீ குடித்திருப்பார். ஆனால் திரையில் என் செட்டிங் இருந்தது. என் செட்டிங்கில் சைபர் வந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார முடியவில்லை. கால் ஆடியது. எழுந்தே விட்டார்.

"என்ன செட்டிங் இது? தேடற கட்டத்தை இவ்வளவு சின்னதா வெச்சா எப்படிக் கிடைக்கும்? மனுஷத் தோல் என்ன இரும்பா? தோலுக்குப் புள்ளியே தெளிக்க வேண்டாம், அதுலயே இயற்கையா அடையாளம் இருக்கு. அதை வெச்சே பிடிக்கலாம். அந்தத் திரும்பி நிக்கற படத்துல வலது தோளுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கே, நல்ல கான்ட்ராஸ்ட், அதுல ஆரம்பிச்சா தானா ஓடும். நான் ஓட்டியே..."

அங்கே நின்றது பேச்சு.

மனுஷன் வாய் திறந்தபடி இருந்தது. தான் சொன்னது தன் காதில் விழுவதற்கு அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது.

"திறந்தே பார்க்கலைன்னு சொன்னீங்களே ஜம்பு" என்றார் சாரங்கபாணி.

அவர் அதைச் சொன்னபோது அவர் கண் ஜம்புநாதன் மேல் இல்லை. பானுவின் மேல் இருந்தது. பானுவின் வலது தோளில் இருந்தது. பக்தவத்சலம் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தே பார்த்தார். ஜாக்கெட்டுக்கு உள்ளே இருப்பதைப் பார்வையாலேயே தேடினார்கள். ஒரு நொடிதான். பிறகு சாரங்கபாணி சட்டென்று மேஜையைப் பார்த்து, இல்லாத தூசியைத் தட்டினார்.

பானு புடவைத் தலைப்பை முதுகைச் சுற்றி இழுத்து வலது தோளை மூடிக்கொண்டாள். அழவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சாரங்கபாணிக்கு இப்போது தன் நல்ல பெயரைக் காப்பாற்றியாக வேண்டும். "இந்த நிமிஷமே கிளம்புங்க, ஆபீஸ் பக்கம் தலை காட்டக் கூடாது" என்று ஜம்புநாதனிடம் நிஜமாகவே கத்தினார். அவர் பையைத் தூக்கியபோது லேப்டாப்பை நான் பிடுங்கிக்கொண்டேன். "என் பர்சனல்ம்மா அது" என்றார். "உங்க பர்சனலைத்தான் பார்த்தோமே" என்றேன். சாரங்கபாணி தடுக்கவில்லை. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டான். போகிற போக்கிலும் என்னைப் பார்த்து, "அந்தக் கட்டத்தைப் பெருசாக்கிப் பாரு" என்றார். செத்தாலும் திருந்தாத ஜென்மம்!

லேப்டாப்பிலும் கம்ப்யூட்டரிலும் இருந்த ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றினேன். அழித்தால் போதாது, அழித்ததைத் தோண்டி எடுக்கிறவர்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு கடை வைத்திருக்கிறார்கள். கீழே கூடத்தில், இரும்பை நசுக்கிப் பார்க்கிற பெரிய இயந்திரத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் அவற்றை வைத்தேன். பானுவைக் கூப்பிட்டுப் பச்சைப் பொத்தானைக் காட்டினேன். அவள் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள், இயந்திரம் இறங்கி முடிகிற வரைக்கும் விரலை எடுக்கவே இல்லை. உள்ளே கண்ணாடி நொறுங்குகிற மாதிரிச் சத்தம் கேட்டது. தகடு தகடாகப் பிதுங்கி வந்ததைக் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டினேன். எனக்கு அப்படி ஒரு திருப்தி. வாய்விட்டுச் சிரித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் அவளோடு நடந்தேன். மழை வருகிற மாதிரி இருந்தது. மருந்து நாற்றம் கீழே இறங்கித் தொண்டையில் உட்கார்ந்திருந்தது.

"கேட்ட மூணும் நடந்துபோச்சு பார்த்தியா" என்றேன். "படம் போச்சு, அவனும் போயிட்டான். நாளையிலேர்ந்து ஜம்முனு உன் சீட்டுல உட்காரு."

"நாளைக்கு நான் வரலை அக்கா."

"லீவு போடு. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வா."

"லீவு இல்லை. இனிமேல் வரலை."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "ஏண்டி, பைத்தியமா உனக்கு? இவ்வளவு பாடுபட்டு அவனை விரட்டினது எதுக்கு? தப்புப் பண்ணவன் போனான், நீ எதுக்குப் போற? கைக்கு?" அவள் வார்த்தையே என் வாயில் வந்தது.

பானு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் மச்சம்னு சொன்னதும் எம்.டி. சாரு எங்கே பார்த்தாரு அக்கா?"

"பார்த்தேன்டி. நாய்ங்க. பக்தவத்சலம் கழுத்தை வளைச்சதையும் பார்த்தேன்."

"இனி நான் போன் எடுத்தாலும், கணக்கு கொண்டு போனாலும், அவங்களுக்கு அங்கேதான் கண்ணு போகும். மெஷின்ல வெச்சு அதை நசுக்க முடியாது இல்லே?"

"அவனுங்க கிடக்கானுங்க. நான் இருக்கேன்ல உன் பக்கத்துல?"

பஸ் திரும்பி வருவது தெரிந்தது. பானு பையை இடது தோளிலிருந்து எடுத்து வலது தோளில் மாட்டி, அதை மறைக்கிற மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். கோபமில்லாமல்தான் பார்த்தாள்.

"நீங்களும்தான் அக்கா பார்த்தீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.